அடைமழையும் வீட்டுத் திரைச்சீலை வியாபாரமும்



ஐப்பசி பிறந்தால் மளிகைக் கடைக்காரருக்கு என்னென்ன கவலை என்று இந்த இதழைப் படிப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெல்லம் கசியும், சர்க்கரை கட்டி தட்டும், உப்பு மூட்டை தண்ணீர் விடும், பருப்பில் வண்டு விழும். துணிக்கும் இப்படி ஒரு மழைக் கணக்கு உண்டு. அதை எங்களுக்கு முன்கூட்டிச் சொன்னவர் எவரும் இல்லை. நஷ்டப்பட்டுத்தான் கற்றோம். உறுப்பினர்கள் பலரின் இல்லங்களில் இன்று மனைவியோ மருமகளோ முன்னறையில் ஒரு தையல் இயந்திரத்தைப் போட்டு, ஜன்னல் ஸ்கிரீன், சோபா உறை, தலையணை உறை, மெத்தை விரிப்பு என்று சிறு அளவில் வியாபாரம் செய்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இந்தப் பாடத்தை எழுதுகிறோம். மளிகையே போதும் என்பவர்களும் படிக்கலாம். எங்களுக்கு இதில் முதல் பாடம் சொன்னவர் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சிதான்.

நாங்கள் கணவன் மனைவி இருவர். வீடு தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றிலிருந்து அதிகத் தூரம் இல்லாத ஒரு தெருவில். தரைத்தளம். முன்னறைதான் கடை, நடு அறையில் வெட்டு மேசை, படுக்கையறைப் பரண்தான் கிடங்கு. துணி பெரும்பாலும் கரூரிலிருந்து லாரி பார்சலில் வரும். வெட்டுவது நாங்கள், தைப்பது பாதி வீட்டிலும் பாதி அடுத்த தெருவில் இருக்கும் தையற்கார அம்மாவிடமும்.

ஆர்டரும் புயலும் ஒரே மாதத்தில்

திரைச்சீலை வியாபாரத்துக்கு நம் ஊரில் இரண்டு பருவம். ஒன்று தீபாவளிக்கு முந்திய மூன்று வாரம். மற்றொன்று கிரகப்பிரவேசப் பருவம். ஆடியில் பால் காய்ச்ச மாட்டார்கள், புரட்டாசியிலும் மாட்டார்கள், மார்கழியிலும் மாட்டார்கள். ஆகவே வீடு கட்டி முடித்தவர்கள் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். மார்கழி பிறந்துவிட்டால் தை வரை காத்திருக்க வேண்டுமே என்று அவசரப்படுவார்கள். “வர்ற முகூர்த்தத்துக்குள்ள ஸ்கிரீன் மாட்டிடணும்” என்ற பேச்சை நாங்கள் கார்த்திகையில் கேட்கும் அளவுக்கு வேறு மாதத்தில் கேட்பதில்லை.

வடகிழக்குப் பருவமழையும் அதே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இந்த மூன்று மாதத்தில் பெய்கிறது. கடலோர மாவட்டங்களில் அதற்கும் மேல். புயல்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 2011இல் தானே, டிசம்பர் 30. 2016இல் வர்தா, டிசம்பர் 12. 2018இல் கஜா, நவம்பர் 16. 2020இல் நிவர், நவம்பர் 25 இரவு. 2023இல் மிக்ஜாம், டிசம்பர் முதல் வாரம். 2024இல் ஃபெங்கல், நவம்பர் 30. எல்லாம் ஐப்பசிக் கடைசிக்கும் மார்கழி நடுவுக்கும் இடையில். அதாவது, எங்கள் மேசையில் வெட்டிய துணி அதிகமாகக் கிடக்கும் நாட்களும், வீட்டுக்குள் தண்ணீர் வரக்கூடிய நாட்களும் ஒன்றே. இதை நாங்கள் 2015 வரை ஒரு விஷயமாகவே எண்ணவில்லை.

2015 டிசம்பர் 1

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 10. அதற்கு மறுவாரமே பெருமழை ஒன்று அடித்து ஓய்ந்திருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. “வந்தது போய்விட்டது” என்று நினைத்துக்கொண்டு ஒரு பெரிய ஆர்டரை எடுத்தோம். புது வீடு, 11 ஜன்னல், 4 கதவு, அடுத்த வாரம் கிரகப்பிரவேசம்.

கணக்கு எப்படி வரும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 5 அடி அகல ஜன்னலுக்கு மடிப்பு விழ வேண்டுமானால் இரண்டு மடங்கு, 10 அடித் துணி வேண்டும். துணி 48 அங்குல அகலம் என்றால் இரண்டரை அகலம் வரும், மூன்றாக எடுப்போம். 5 அடி உயரத்துக்கு மேல் மடிப்பு, கீழ் மடிப்பு சேர்த்து 70 அங்குலம். 70 அங்குலத்தில் மூன்று என்றால் 210 அங்குலம், 5.33 மீட்டர். அப்படி 11 ஜன்னலுக்கு 59 மீட்டர், 4 கதவுக்கு 19 மீட்டர், ஆக 78 மீட்டர். அன்றைய கொள்முதல் விலை மீட்டர் 180 ரூபாய். 14,040 ரூபாய்ச் சரக்கு. முன்பணம் 10,000 வாங்கியிருந்தோம்.

டிசம்பர் 1 பகல் முழுதும் மழை விடவில்லை. மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. இரவு வாசற்படியைத் தண்ணீர் தொட்டபோது, கையில் இருந்த நேரம் அரை மணிக்குக் குறைவு. எதை ஏற்றினோம்? உறை பிரிக்காத புது ரோல்களை. ஐந்து ரோல், ஒவ்வொன்றும் 25 மீட்டர், கடனுக்கு வாங்கியவை. புத்தம் புதுச் சரக்கு, பணம் கட்டாத சரக்கு, அதுதான் மதிப்புள்ளது என்று மனசு சொன்னது. பரண் நிறைந்துவிட்டது. வெட்டி, சீட்டுக் குத்தி, இரண்டு அட்டைப் பெட்டியில் மேசைக்கு அடியில் வைத்திருந்த ஜன்னல் துணி நினைவுக்கு வந்தபோது பெட்டி மிதந்துகொண்டிருந்தது.

ரோல் ஐந்தும் பிழைத்தன. வெட்டிய 59 மீட்டரும் சேற்றுத் தண்ணீரில் ஊறின. துவைத்துப் பார்த்தோம். ஒரே ஜன்னலுக்கான மூன்று அகலமும் மூன்று விதமாகச் சுருங்கின. சீட்டுக் குத்திய குண்டூசி ஒவ்வொன்றும் துருப் புள்ளி வைத்தது. சேற்றுக் கோடு துணிக்கு நட்டநடுவில்.

கதவுத் துணி 19 மீட்டர் தையற்கார அம்மாவின் மாடி வீட்டில் பத்திரமாக, தைத்து முடிந்த நிலையில் இருந்தது. அதுவாவது தேறியது என்று நினைத்தோம். மறுபடி கரூரிலிருந்து அதே எண்ணுள்ள துணியை வரவழைத்தபோது அது வேறு லாட். ஒரே நிறம்தான், ஆனால் ஒரு சாயத் தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நிழல் மாறும். தனியாகப் பார்த்தால் தெரியாது. ஒரே அறையில் கதவிலும் ஜன்னலிலும் தொங்கினால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே 78 மீட்டரும் புதிதாக வெட்டினோம். கிரகப்பிரவேசம் ஸ்கிரீன் இல்லாமலேயே நடந்தது. அந்த வீட்டம்மா எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை, அவர்கள் பக்கமும் வெள்ளம்தான். ஆனால் மறுபடி எங்களிடம் வரவும் இல்லை.

அண்ணாச்சி சொன்ன கணக்கு

தண்ணீர் வடிந்த பிறகு தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் புலம்பினோம். அவர் கடையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். “தங்கச்சி, மழை இருட்டுனா நான் முதல்ல ஏத்துறது வெல்லம். அரிசி கொஞ்சம் ஒழுகி நனைஞ்சாலும் காய வச்சு மாவுக்காவது போடலாம். வெல்லம் நனைஞ்சா தரையைத்தான் கழுவணும். எது விலை ஜாஸ்தின்னு பாக்காதீங்க, எது திரும்பாதுன்னு பாருங்க” என்றார்.

அன்றிரவே பேப்பரில் போட்டுப் பார்த்தோம். நனைந்த ரோலை உடனே பிரித்து அலசிக் காய வைத்தால், கறை விழுந்த இடத்தை ஒதுக்கி மீதியைத் தலையணை உறைக்கும் குஷன் உறைக்கும் வெட்டலாம். சுருங்கினாலும் ரோலில் ஒரு மீட்டர் குறையும், அவ்வளவுதான். பாதி விலைக்காவது தேறும். அந்த இரண்டு அட்டைப் பெட்டிக்குப் பரணில் இடம் விட்டிருந்தால் இரண்டு ரோலைக் கீழே விட்டிருப்போம். இரண்டு ரோல் 50 மீட்டர், 9,000 ரூபாய். நனைந்து பாதி போனால் நஷ்டம் 4,500. நாங்கள் உண்மையில் பட்ட நஷ்டம் துணியில் மட்டும் 14,040. தையற்கூலி தனி. பெயர் கெட்டது தனி.

வெட்டிய துணி ஒரு ஜன்னலுக்குச் சொந்தம். அதை வேறு யாருக்கும் விற்க முடியாது, அளவு பொருந்தாது. ரோல் யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே எவருக்கும் விற்கலாம். எங்கள் வியாபாரத்தில் வெல்லம் என்பது வெட்டிய துணிதான். இதை ஒட்டியே இப்போது எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறோம். வெட்டிய துணி அட்டைப் பெட்டியில் கிடக்காது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஒரு டப்பாவுக்கு ஒரு வாடிக்கையாளர், மூடியில் பெயரும் ஜன்னல் எண்ணிக்கையும். அக்டோபர் 1 முதல் பொங்கல் வரை டப்பா இரவில் தரையில் தங்காது, பரணில் முன் வரிசையில் இடம் காலியாக இருக்கும். சீட்டைக் குண்டூசியில் குத்துவதில்லை, ஓரத்தில் ஒரு நூல் தையல் போட்டு இணைக்கிறோம். ஒரே லாட்டில் கூடுதலாக இரண்டு மீட்டர் வாங்கித் தனியாக வைக்கிறோம். வீண் முதலீடு என்று சிலர் சொல்வார்கள். ஒரு அகலம் கெட்டால் மொத்தமும் வெட்ட வேண்டிவரும் என்பதை ஒருமுறை அனுபவித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

வெள்ளம் வராத ஆண்டில் வரும் நஷ்டம்

வெள்ளம் எப்போதோ ஒருமுறை. ஈரம் ஆண்டுதோறும். சத்தமில்லாமல் நஷ்டம் செய்வது இதுதான்.

பருத்தி காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, முழுக்க உலர்ந்த 100 கிலோ பருத்தி எட்டரைக் கிலோ தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது நூல் வியாபாரத்தில் எடைக் கணக்குக்கே பயன்படும் அளவு. பாலியெஸ்டர் அரைக் கிலோகூட வாங்காது. சணல் 13 கிலோவுக்கு மேல் வாங்கும். நம் கடலோர ஊர்களில் கார்த்திகைக் காற்றின் ஈரம் 80, 90 என்று ஏறும். அப்போது பருத்தி இன்னும் குடிக்கும். அதோடு புதுத் துணியில் கஞ்சி இருக்கிறது. ஈரமும் கஞ்சியும் அசையாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சணம் பூக்கும். நனைந்த துணியை மடித்தபடி விட்டால் ஒன்றிரண்டு நாளே போதும். பூஞ்சணத்தைத் தட்டிவிடலாம், அது விட்ட கரும்புள்ளி பெரும்பாலும் போகாது.

காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கச் சிறு கருவி விற்கிறார்கள், விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் மளிகைக்காரருக்கு அதுவும் வேண்டாம். சுத்தமான தூள் உப்பு 75 சதவீத ஈரத்தைத் தாண்டும்போது கசியத் தொடங்கும், கல்லுப்பு அதற்கும் முன்பே. ஒரு தட்டில் இரண்டு கரண்டி உப்பைத் துணி அறையில் வையுங்கள். காலையில் உப்பு நசநசவென்றிருந்தால் அன்று துணியை மூடி வைக்கும் நாள் இல்லை, மின்விசிறி போட்டுப் பிரித்து வைக்கும் நாள். குளிர்சாதனம் உள்ளவர்கள் அதில் ஈரம் உறிஞ்சும் முறையை ஒரு மணி நேரம் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

உப்பு மூட்டை வைத்த அறையிலேயே துணியை வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டியிருக்கிறது. கடையின் பின்னறையில் இடம் இருக்கிறதே என்று வைத்த ஓர் உறுப்பினர் வீட்டில் மெத்தை விரிப்பு நான்கு வீணானதைப் பார்த்திருக்கிறோம்.

மற்றவை அரிசி மூட்டைக்கு நீங்கள் செய்வதுதான். தரையில் மரக்கட்டை போட்டு அதன்மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், மழைக்காலத்தில் வெளிச்சுவர் உள்பக்கமும் வியர்க்கும். ரோலை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள், நிற்க வைத்த ரோலின் அடிப்பகுதிதான் முதலில் ஈரம் ஏற்கும். பிளாஸ்டிக் உறை தண்ணீரைத் தடுக்கும், ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. ஆகவே வெயில் அடித்த நாளில் உலர்த்தி, ஆறிய பிறகே உறையில் போட வேண்டும். டப்பாவுக்கும் இதே விதி. அந்துருண்டை பூச்சிக்கு மட்டுமே, பூஞ்சணத்தை அது ஒன்றும் செய்யாது. அதன் வாடை துணியில் ஏறினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பதுதான் மிச்சம். கஞ்சி தின்ன வரும் இராமபாணப் பூச்சிக்கு, வாரம் ஒருமுறை அடுக்கைக் கலைத்து உதறுவதே நல்ல மருந்து.

பார்சல் நனைந்து வந்தால்

கரூர்த் துணி சாக்குப் பேலில் வரும். வழியில் தார்பாய் கிழிந்திருந்தால் மேல் சாக்கு காய்ந்து தெரியும், உள்ளே நனைந்திருக்கும். ஒருமுறை அவசரத்தில் கையெழுத்துப் போட்டுப் பேலை எடுத்து வந்துவிட்டோம். மறுநாள் பிரித்தால் இரண்டு ரோல் ஈரம். பார்சல் அலுவலகத்துக்குப் போனால், “நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்” என்ற எங்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள். பதில் பேச வழியில்லை.

இப்போது மழை நாளில் பேலின் ஒரு ஓரத்தைப் பிரித்துக் கை விட்டுப் பார்க்காமல் கையெழுத்து இல்லை. ஈரம் இருந்தால், “நனைந்த நிலையில் பெறப்பட்டது, இத்தனை ரோல்” என்று அவர்கள் பிரதியிலும் நம் பிரதியிலும் எழுதிப் படமும் எடுத்துக்கொள்கிறோம். லாரி மூலம் வந்த சரக்கு சேதத்துக்கு, அனுப்புநர் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால்தான் பின்னால் வழக்குப் போட முடியும் என்று 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சு போதாது. மளிகைச் சரக்குக்கும் இதேதான்.

எப்போது கத்திரியைக் கீழே வைப்பது

வானிலை அறிவிப்பில் “கனமழை” என்பது வெறும் பேச்சு வார்த்தையில்லை. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிற எச்சரிக்கைகளும் இதையொட்டி வருபவை. புயலாக இருந்தால், கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்கும் என்று எதிர்பார்க்கும் நேரத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக ஓர் எச்சரிக்கையும், 24 மணி நேரம் முன்னதாக அடுத்த எச்சரிக்கையும் வானிலைத் துறை தரும்.

அந்த 48 மணி நேரம்தான் எங்களுக்குப் பிடிமானம். மஞ்சள் என்றால் வழக்கம்போல் வேலை, டப்பா மட்டும் பரணில். ஆரஞ்சு வந்தால் புதிதாக எதையும் வெட்டுவதில்லை. ஏற்கெனவே வெட்டியதைத் தைத்து முடித்து, வாடிக்கையாளர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம், மாட்டுவது பிறகு. சரக்கு எங்கள் தரைத்தளத்தில் இருப்பதைவிட அவர்கள் மாடியில் இருப்பது மேல். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் இயந்திரத்தின் மின் இணைப்பைப் பிடுங்கி மேசைமேல் ஏற்றி, மோட்டாரையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் உயரத்தில் வைக்கிறோம். தரையில் ஈரம் இருக்கும்போது மின்தையல் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை. பழைய கால்மிதி இயந்திரத்தை விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான். மின்சாரம் இல்லாத நாட்களில் அதுவே சோறு போடுகிறது. மழைக்கு முன் எண்ணெய் விட்டு வைத்தால் போதும்.

2023இல் இந்த விதிக்குச் சோதனை வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் கொடுக்க வேண்டிய ஒரு கிரகப்பிரவேச ஆர்டர், 9 ஜன்னல். நவம்பர் கடைசியில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள். ரோல் வீட்டில் இருந்தது, வெட்டவில்லை. வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து, “சார், புயல் கரையைக் கடக்கட்டும், அதுக்கப்புறம் வெட்டி மூணு நாள்ல தர்றோம். இப்ப வெட்டினா ரிஸ்க்” என்றோம். “மழைக்குப் பயந்து வியாபாரம் பண்ண முடியுமாங்க?” என்று கேட்டுவிட்டு, பாதி ஆர்டரை ரத்து செய்து ஆயத்தத் திரைச்சீலை வாங்கிக்கொண்டார். முன்பணத்தில் பாதியைத் திருப்பினோம். வருத்தமாகத்தான் இருந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் முன்னறையில் முக்கால் அடித் தண்ணீர் நின்றது. மூன்று நாள் மின்சாரம் இல்லை, கைபேசி இல்லை, ஆகவே கைபேசி மூலம் பணம் வாங்குவதும் இல்லை. கட்டில்மேல் அடுக்கிய ரோலில் ஒன்றில் மட்டும் ஒரு முனை நனைந்தது. வெட்டிய துணி என்று வீட்டில் ஒரு முழமும் இல்லை. பாதி ஆர்டர் போனது நஷ்டமா லாபமா என்று எங்கள் வீட்டில் இன்றும் பேச்சு வரும். இருவரும் ஒரே பதில் சொல்வதில்லை.

அந்த மூன்று நாளில் கற்ற இன்னொன்று. கணக்கு முழுவதும் கைபேசியில் இருந்தால் மின்சாரம் போன நாளில் யார் எவ்வளவு தர வேண்டும் என்றே தெரியாது. அக்டோபரிலிருந்து சிட்டைப் புத்தகம் ஒன்று எழுதி, பாலிதீன் உறையில் போட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டிய ரொக்கத்தோடு வைக்கிறோம். மாநிலப் பேரிடர் உதவி எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இரண்டும் அதன் அட்டையில் எழுதியிருக்கிறது.

காப்பீடும் வரிக் கணக்கும்

வீட்டில் வியாபாரம் செய்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பார்கள். அது வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் உரியது. விற்பனைக்கு வைத்த சரக்கு அதில் வராது. சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற திட்டம் ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சிறு தொழிலுக்கானது. தீயோடு புயல், வெள்ளமும் அதில் அடங்கும்.

தொகையைக் குறைத்து எழுதிப் பிரீமியத்தில் சேமிக்க நினைக்காதீர்கள். 4 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு 2 லட்சத்துக்கு எடுத்தால், 1 லட்சம் நஷ்டத்துக்கு 50,000தான் கணக்காகும். பாதிக்கு எடுத்தால் பாதிதான். மேலே சொன்ன திட்டத்தில் 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் இந்தக் கழிப்பு இல்லை. நமக்குச் சரக்கு ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தொகையைத் தீபாவளிச் சரக்கு வந்து இறங்கியபின் உள்ள இருப்பைப் பார்த்து எழுதுங்கள், ஆடி மாத இருப்பைப் பார்த்தல்ல. கொள்முதல் பில்லும் இருப்புப் பட்டியலும் இல்லாவிட்டால் சர்வேயர் முன்னால் நம் வாய்ச்சொல்தான் சாட்சி. பில்களைப் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைத்துவிடுகிறோம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அழிந்துபோன, ஏட்டிலிருந்து தள்ளிவிட்ட சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய வரியின் வரவைத் திருப்ப வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. அதே சரக்கைக் குறைந்த விலைக்கு பில் போட்டு விற்றால் திருப்ப வேண்டியதில்லை. ஆகவே நனைந்ததை எல்லாம் உடனே குப்பையில் போட்டு எழுதித் தள்ளிவிடாமல், எது தேறும் என்று முதலில் பிரியுங்கள். ஆனால் காப்பீடு இருந்தால் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் விற்கவோ எறியவோ வேண்டாம். படம் எடுத்துவிட்டு, அவருக்குச் சொல்லிவிட்டு, அலசிக் காய வைப்பது மட்டும் செய்யலாம். ஈரத்தோடு காத்திருந்தால் தேறுவதும் தேறாமல் போகும்.

நனைந்த துணியை என்ன செய்வது

முதல் வேலை, நிறம் வாரியாகப் பிரிப்பது. அடர்சிவப்பும் கருநீலமும் வெள்ளைமேல் கிடந்தால் ஒரு மணி நேரமே அதிகம். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளத் தண்ணீர் சாக்கடைத் தண்ணீர்தான். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, சேறு முழுதும் போனபின் சோப்பு. சேறு இருக்கும்போதே சோப்புப் போட்டுத் தேய்த்தால் மண் நூலுக்குள் ஏறும். பிளீச்சிங் பவுடர் வெள்ளைப் பருத்திக்கு மட்டும், அதுவும் மிக நீர்த்த கரைசலில். நிறத் துணியில் பட்டால் திட்டுத் திட்டாகிவிடும். வெயில் இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி ஒற்றை மடிப்பில் போட வேண்டும். முக்கால் காய்ந்ததும் மடித்து வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

காய்ந்த பிறகு மறுபடி அளந்து, புது அளவைச் சீட்டில் எழுதுகிறோம். பருத்தி முதல் அலசலில் 5 சதவீதம் வரை சுருங்கக்கூடும். 7 அடிக் கதவுத் துணி என்றால் நாலு அங்குலத்துக்கும் மேல் போகும். (மழை இல்லாத நாளிலும் இதை நினைவில் வைத்துக் கீழ் மடிப்பை நான்கு அங்குலத்துக்கு இரட்டையாக விடுங்கள். முதல் துவைப்புக்குப் பிறகு ஸ்கிரீன் குட்டையாகிவிட்டது என்ற புகாரே வராது.) பிறகு ஒவ்வொரு உருப்படியிலும், “மழையில் நனைந்து அலசியது” என்று சீட்டு ஒட்டி, பாதி விலை போட்டு முன்னறையில் தனிக் கூடையில் வைக்கிறோம். 2015இன் அந்த 59 மீட்டரிலிருந்து கறை நீக்கி 40 தலையணை உறை தைத்தோம். சீட்டைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினார்கள். சொல்லாமல் விற்றிருந்தால் முதல் துவைப்பில் தெரிந்திருக்கும், அந்தத் தெருவில் பிறகு எங்களால் வியாபாரம் செய்திருக்க முடியாது.

கடைசி நான்கு உறையை வாங்கியவர் அண்ணாச்சிதான். விலை பேசவில்லை. “வெல்லம் இருக்கு, வேணுமா?” என்று மட்டும் கேட்டார்.